கடிகாரம் மாட்டிய ஆணி

கண்ணாடிக்கடையின் மாடியில், கண் பரிசோதிக்கும் அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் கூடுவோம். சுவரில் எழுத்துப் பலகை. மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் எழுத்து, கீழே வர வர எறும்பு வரிசை. பேச்சு பிடிக்காமல் போகும்போது கடைசி வரியைப் படிக்க முயல்வது என் வழக்கம்.

மொத்தம் ஐந்து பேர். கூட்டத்தை நடத்துபவர் கண்ணாடிக்கடைக்காரர். அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட் அண்ணன், பிறகு நான். மருந்துக்கடையில் இருக்கிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு விதிகள். ஒன்று, புத்தகத்திலிருந்து யாரும் பேசக் கூடாது, நடந்ததைத்தான் கொண்டுவர வேண்டும். தனக்கே நடந்ததாக இருந்தாலும் "ஒருத்தர்" என்றுதான் சொல்ல வேண்டும். யார் அந்த ஒருத்தர் என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது. சொல்பவருக்குக் கூச்சம் இருக்காது, கேட்பவருக்கும் முகதாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் கொண்டுவந்த ஏற்பாடு. இரண்டாவது விதி, ஒரு கேள்விக்கு மூன்று வாரம்தான். மூன்றாவது வாரம் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வி முடிந்தது. மறுபடி எடுக்கக் கூடாது.

இரண்டு வருடமாக லிஃப்ட் அண்ணன் எந்தக் கேள்வியும் தந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடித்த சீட்டு ஒன்றைக் கடைக்காரரிடம் நீட்டினார். "திடீர்னு ஒண்ணு தோணுதே, அது யாரோடது?" என்று பென்சிலில் எழுதியிருந்தது.

கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "பிரமாதம்! அடுத்த கேள்வி இதுதான். எழுதுங்க தம்பி. உத்வேகம் என்றால் என்ன?" என்றார்.

"நான் அத்தனை பெரிய வார்த்தை எல்லாம் எழுதலைங்களே," என்றார் லிஃப்ட் அண்ணன்.

"நீங்க கேட்டதுக்குப் பேரு அதுதான் அண்ணே."

அவர் தலையாட்டிக்கொண்டார். தங்கையிடம் ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று பதினொரு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் விடையைப் பொறுத்துத்தான் அதை முடிவு செய்ய நினைத்திருந்தார். அது எங்களில் யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பத்தொன்பதில் எண்ணெய்த் துணியும் கையுமாக வேலைக்குச் சேர்ந்தவர். ஊரிலுள்ள உயரமான கட்டடங்கள் எல்லாவற்றின் மொட்டை மாடியும் அவருக்குத் தெரியும், ஒன்றின் முன்வாசலும் தெரியாது. நான்கு மாடி ஆனாலும் படியேறித்தான் போவார். கேட்டால், "சமையல்காரன் எங்கேயாவது தான் வேலை செய்யற ஹோட்டல்ல சாப்பிடுவானா தம்பி?" என்று சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடவே வேலை பார்த்த ஒருவருக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். "மாப்ள, மாப்ள" என்று அவரோடு ஒன்பது வருடம் ஒரே டிபன் பையைச் சுமந்தார். மாப்பிள்ளை வேலையிடத்தில் இறந்தபின் தங்கை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

தங்கைக்கு ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். இரண்டே அறைகள். முன்னறைச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், கீழே கம்பெனியின் பெயரும் அண்ணன் பெயரும் பொறித்த பித்தளைத் தகடு. வேறு ஒன்றும் அந்தச் சுவரில் இல்லை. கணவருடைய படத்தை அந்த அம்மா மாட்டவில்லை. அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

"என்னத்துக்கு மாட்டணும்?" என்றார், நான் கேட்காமலேயே. "லிஃப்ட் வண்டியைப் பூட்டாம அது தலை மேல ஏறி நின்ன மனுஷன். கவனக்குறைவுன்னு கம்பெனிக்காரங்களே எழுதிக் குடுத்தாங்க. என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா அப்படி ஏறியிருப்பாரா?"

உள்ளறையில் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார்.

முதல் வாரம் ஓவியருடையது.

"ஒருத்தர் இருந்தார். ஒரு துணிக்கடைக்குப் பலகை. மூணு நாளா எழுத்து உட்காரவே மாட்டேங்குது. நாலாவது நாள் ஏணி மேல நிக்கும்போது கை தானா போகுது. அவர் சும்மா பார்த்துட்டு நிக்கிறார். யாரோ எழுதுறாங்க, அவர் வெறும் பிரஷ்."

"அந்த ஒருத்தரோட நகத்துல இப்பவும் பச்சை பெயிண்ட் இருக்குமோ?" என்றார் நர்ஸ் அக்கா.

"யாருன்னு கேக்கக் கூடாது!"

"யாருன்னு எங்க கேட்டேன்? நகத்தைத்தானே கேட்டேன்."

கடைக்காரர் மேசையைத் தட்டினார். நர்ஸ் அக்கா விடவில்லை. "சரி, அந்தப் பலகை கோணலா விழுந்திருந்தா? 'நான் எழுதல, யாரோ எழுதினாங்க, அவங்களைப் போய்க் கேளுங்க'ன்னு சொல்லியிருப்பாரா உங்க ஒருத்தர்?"

"அது வேற, சிஸ்டர்."

"எப்படிங்க வேற?" என்றார் லிஃப்ட் அண்ணன். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். தேநீர் வந்துவிட்டதால் கேள்வி அப்படியே ஆறிப்போனது.

இரண்டாம் வாரம் லிஃப்ட் அண்ணன் சொன்னார். ஏழு மாடிக் கட்டடம், இழுத்து மூடும் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். ஒருத்தர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருக்கிறார். கீழே என்ன நடக்கிறது என்பது அங்கே தெரியாது. லிஃப்ட் கிளம்புகிறது. திடீரென்று அவருக்குத் தோன்றுகிறது: நிறுத்து, பின்னால் இறக்கு. ஏன் என்று தெரியாது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"மெயினை அணைச்சார். இடது கையால பிரேக் பிடியை அமுக்கிக்கிட்டு, வலது கையால சக்கரத்தை ஒரு சாண் பின்னால சுத்தினார். அப்புறம்தான் கீழே இருந்து அலறல் வருது. எட்டு வயசுப் பொண்ணு. கழுத்துத் துணி கதவுல மாட்டியிருக்கு. ஒரு சாண் இறங்கினதால பிழைச்சுது."

ஓவியரின் கண் கலங்கிவிட்டது. "இதைத்தானே நான் போன வாரம் சொன்னேன்? எங்கிருந்தோ வருது!"

"எங்கிருந்தும் வரல," என்றார் நர்ஸ் அக்கா. "எத்தனையோ வருஷமா அந்தக் கயிறு எப்படி ஓடும்னு காது பழகியிருக்கு. அன்னைக்கு அது வேற மாதிரி ஓடியிருக்கு. அவருக்குத் தெரியல, காதுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க வார்டுலயும் அப்படித்தான். ஆளைப் பார்த்ததுமே கை ஊசியைத் தேடும். அது அவரோட உழைப்பு. அவருக்குத்தான் சொந்தம்."

"அப்போ பாராட்டும் அவருக்குத்தான்," என்றார் கடைக்காரர்.

"அவருக்கு ஒரு கடிகாரம் குடுத்தாங்க," என்றார் லிஃப்ட் அண்ணன். எல்லோரும் கை தட்டினோம். விதிப்படி யாருக்கும் யார் என்று தெரியாது, ஆனாலும் அவரைப் பார்த்துத்தான் தட்டினோம். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டு வாங்குகிறவரின் முகமாக அது இல்லை. வைத்தியர் சொன்னதைக் கேட்டு முடித்தவரின் முகமாக இருந்தது.

மூன்றாம் வாரமும் அவரே கை தூக்கினார். இந்தத் தடவை கதையில் லிஃப்ட் இல்லை. பழைய கிணறு ஒன்றைச் சுத்தம் செய்யும் இரண்டு பேர். ஒருத்தர் மேலே, இன்னொருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு உள்ளே. உள்ளிருந்து ஓர் அலறல், ஒரே ஒரு தடவை. அவர்களுடைய வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: உள்ளே இருப்பவர் வாயால் மேலே, கீழே என்று சொல்லாமல் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது. குரல் வரவில்லையா, எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"ரெண்டு நிமிஷ வேலை, எட்டிப் பார்க்கிறது. ஆனா அவருக்குத் தோணிடுச்சு. தூக்கு, மேல தூக்குன்னு. நெஞ்சுல அப்படி ஒரு நிச்சயம். இடது கையால பிடியை அமுக்கிக்கிட்டு, வலது கையால சக்கரத்தைச் சுத்தினார். நாலு சாண் சுத்தினதும் சக்கரம் கனத்துது. உள்ளே ஒரு கல் நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. அந்த ஆளோட தலை அதுக்கும் கயிறு கட்டின பலகைக்கும் நடுவுல. இறக்கியிருந்தா பிழைச்சிருப்பான்."

"அய்யய்யோ," என்றார் ஓவியர்.

"அப்புறம் என்ன சொன்னார்?" என்று கேட்டார் நர்ஸ் அக்கா.

"பிடி தானா வழுக்கிடுச்சுன்னு சொன்னார். செத்தவர் சரியாக் கட்டிக்காம இறங்கினார்னு எழுதிட்டாங்க."

நான் வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். "இடது கையால பிடியை" என்று எழுதும்போது பேனா நின்றது. பக்கத்தைப் புரட்டினேன். போன வாரம் அதே வாக்கியம், "பிரேக்" என்ற ஒரு வார்த்தையைத் தவிர, அதே வரிசையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய இடது கை முட்டியை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை டம்ளரின் விளிம்பை மெல்ல, இடமிருந்து வலமாகத் திருகிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டு அலமாரியும் போர்வைகளும் அடுத்த நொடியே நினைவுக்கு வந்தன. சொல்லியிருக்கலாம். "இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம்" என்றாவது சொல்லியிருக்கலாம். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க ஆரம்பித்தேன்.

மற்ற மூவருக்கும் கிணற்றில் இருந்தது யாரோ. அதனால் தயவில்லாமல் வெட்டிப் பேசினார்கள்.

"இதுக்கு உத்வேகம்னு பேரு வைக்காதீங்க," என்றார் நர்ஸ் அக்கா. "இது திமிரு. முன்னாடி எப்பவோ ஒரு தடவை சரியா நடந்திருக்கும், அந்தத் தெம்புல எட்டிக்கூடப் பார்க்கல. அதுக்கு மேல பொய் வேற. செத்தவன் மேலயே பழியைப் போட்டுட்டு அந்த ஆளு எப்படிச் சாப்பிட்டான், எப்படித் தூங்கினான்?"

"இல்ல சிஸ்டர், வந்தது ஒண்ணுதான்," என்றார் ஓவியர். "ரெண்டும் வெளியே இருந்து வருது. நம்ம பொறுப்புல இல்ல."

"அப்படின்னா முதல் கதைக்காரர் கடிகாரத்தைத் திருப்பிக் குடுக்கணும்," என்று சிரித்தார் கடைக்காரர். "அது எனக்குச் சொந்தம், இது எனக்குச் சொந்தம் இல்லன்னு ஒரே ஆள் சொல்ல முடியாதில்ல? ஆனா இவங்க ரெண்டு பேரு, நல்லவேளை."

அந்தச் சிரிப்பில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அரை மணி நேரம் பேச்சு பறந்தது. இரண்டு வருடத்தில் இவ்வளவு நன்றாக நாங்கள் பேசியதே இல்லை. கடைசியில் கடைக்காரர் எழுந்து நின்று வரியைச் சொன்னார்: "தோன்றுவது ஒன்றே, நல்லதாக முடிந்தால் உத்வேகம், கெட்டதாக முடிந்தால் அவசரம்." ஓவியர் "அடடா" என்றார். நர்ஸ் அக்காகூட ஒத்துக்கொண்டார். கைகள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன்.

லிஃப்ட் அண்ணன் கையெழுத்துப் போடக் குறிப்பேட்டை வாங்கி, வரியை விரலால் தடவிப் படித்தார். "இதுல, அது யாரோடதுன்னு இல்லையேங்க."

"அது வேற கேள்வி அண்ணே. இந்தக் கேள்வி முடிஞ்சுது. அடுத்த சீட்டு எடுக்கலாமா?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது எனக்காக நின்றார். "நீங்க ஒண்ணும் சொல்லலையே தம்பி."

"எனக்கு..." என்று இழுத்தேன். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அண்ணே."

"பரவாயில்ல. தெரியலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்கவில்லை. கடைக்காரர் புதுக் கேள்வியைப் படிக்கும் முன், "நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்," என்று ஆரம்பித்தார்.

"ஒருத்தர்னு ஆரம்பிங்க அண்ணே," என்றார் கடைக்காரர் வழக்கம்போல.

"இல்லைங்க. நான்தான். கிணறு இல்ல, லிஃப்ட். ரெண்டு கதையும் என்னோடது. செத்தது என் மாப்ள, என் தங்கச்சி வீட்டுக்காரர். வண்டிக்கும் வாசல் உத்தரத்துக்கும் நடுவுல மாட்டினார். 'மச்சான்'னு ஒரு தடவை கத்தினார். நாலு மாடி இறங்கிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

கடைக்காரர் கையிலிருந்த சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நர்ஸ் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாதவர்போல நின்றார்.

"அண்ணே, நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் அப்படி..."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்கம்மா. அதனாலதான் கிணறுன்னு சொன்னேன். நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல." அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு இங்கிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கிறார். தங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, எங்களிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டார்: "திடீர்னு தோணுச்சும்மா. ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் தோணுச்சு. அது நானா, வேற ஏதோவான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

தங்கை கீரைக்கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்தாராம். தண்டை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் ஒதுக்கினாராம். பிறகு பேசினார்.

"சக்கரத்தைச் சுத்தினது யாரா வேணா இருக்கட்டும் அண்ணா. நீயா இரு, வேற ஏதோவா இரு. பிடி வழுக்கிடுச்சுன்னு சொன்னியே, அது திடீர்னு தோணினதா? நான் இந்த வீட்டுல உட்கார்ந்து அந்த மனுஷனைத் திட்டும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தியே, அதுவும் தானா தோணினதா? பதினொரு வருஷம். ஒவ்வொரு நாளும் காலையில எழுந்து நீ யோசிச்சுத்தான் சும்மா இருந்தே."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். போர்வைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார். சுவரில் வேறு ஆணி இல்லை. கடிகாரத்தைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே படத்தை மாட்டினார். "அந்தக் காகிதத்துல அவர் பேரு கெட்டுப்போய்க் கிடக்கு. அதை மாத்திட்டு வா," என்றார். அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவில்லை.

மறுநாளே அவர் கம்பெனிக்குப் போனார். அந்த அறிக்கையை எழுதிய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். அந்த லிஃப்டையே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. மேசையில் இருந்தவர் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்: "முடிஞ்சுபோன விஷயம் பெரியவரே. ஃபைல் கூட இருக்காது. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க." இவர் எழுதிக்கொண்டுபோன இரண்டு பக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட அவருக்கு இடம் தெரியவில்லை.

"தண்டிக்கவாவது செய்வாங்கன்னு நினைச்சேன்," என்று முடித்தார் லிஃப்ட் அண்ணன்.

ஓவியர் தொண்டையைச் செருமினார். "விதியைத் தள்ளிவைப்போம். இந்தக் கேள்வியை மறுபடி எடுக்கலாம். அந்த வரியை மாத்தி எழுதலாம்."

"வேண்டாங்க. வரி நல்லாத்தான் இருக்கு." அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் தப்பான கேள்வியைக் கேட்டுட்டேன். மூணு வாரம் உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டேன்."

அதுதான் அவர் கடைசியாக வந்த கூட்டம். கூட்டமும் அதிக நாள் ஓடவில்லை. "ஒருத்தர்" என்று யாராவது ஆரம்பித்தாலே மற்றவர்கள் சொல்பவரின் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். நர்ஸ் அக்கா ஞாயிறு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஐந்து கையெழுத்துகள் இருக்கின்றன. அவருடையதுதான் திருத்தமானது.

தங்கை ஒன்பது நாள் அந்த வீட்டில் இருந்தார். பத்தாவது நாள் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை கிடைத்து, துணிமணிகளோடும் படத்தோடும் போய்விட்டார். மாத்திரையை இப்போது விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். படுக்கைக்கு எதிரே படம் மாட்டியிருக்கிறது. அண்ணனைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை, மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "தூங்குறாரா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

போன மாதம் தலைவலி மாத்திரை கேட்டுக் கடைக்கு வந்தார் லிஃப்ட் அண்ணன். இளைத்திருந்தார். வேலைக்குப் போகிறார், ஆனால் மோட்டார் அறைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டுக் கீழேயே நின்றுகொள்கிறாராம். மேலே இருப்பவருக்குக் குரல் கொடுப்பது இப்போது இவர் வேலை.

"தொண்டை கட்டிப்போற அளவுக்குக் கத்துறேனாம். பசங்க கிண்டல் பண்றாங்க," என்றார்.

மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். பின்னால் ஓர் அம்மா சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆணி காலியாத்தான் இருக்கு தம்பி. கடிகாரம் அவ சாய்ச்சு வெச்ச இடத்துலேயே இருக்கு, தரையில. இன்னும் ஓடுது." மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டு, பையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "மணி பார்க்கணும்னா குனிஞ்சுதான் பார்க்கணும்."